கழுத்து லேபிள்

திருப்பூர்,
ஆவணி 5

அன்புள்ள கோமு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. ஆடித்தபசுக் கூட்டத்தில் மேளம் அடிக்க ஆரம்பித்ததும் பேத்தி காதைப் பொத்திக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள் என்றும், "செல்லம் கொடுத்துக் கெடுத்து வெச்சிருக்கீங்க" என்று சொந்தக்காரர்கள் உன் மகளைப் பேசினார்கள் என்றும் எழுதியிருந்தாய். அந்த இடத்தை மூன்று முறை படித்தேன். அவசரமாக நாலு வரி எழுதிப் போட மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று வைத்திருந்தேன்.

இங்கே எல்லாரும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. மூத்தவளுக்கு நர்சிங் கடைசி வருஷம். சின்னவன் ஏழாவது போகிறான். அவனைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அவனுக்கு மூன்று வயசிருக்கும்போது உன் வீட்டு விசேஷத்துக்கு வந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? புதுச் சட்டையைப் பந்தலிலேயே கழற்றி எறிந்துவிட்டுக் கத்தினான். எல்லார் முன்னாலும் அவனை அடித்தேன். நீதான் என் கையைப் பிடித்தாய். அடுத்த இரண்டு வருஷம் தினமும் காலையில் யூனிபார்ம் போட அதே அழுகை. பள்ளிக்கூட டைரியில் "பிடிவாதக்காரன்" என்று எழுதி அனுப்பினார்கள். நானும் அதைத்தான் நம்பினேன்.

ஒரு நாள் ராத்திரி தூங்கும்போது அவன் கழுத்தைப் பார்த்தேன். பின்கழுத்தில் ஒரு விரல் நீளத்துக்குச் சிவந்து, நகம் பட்டுத் தோல் உரிந்திருந்தது. கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து லேபிளைத் தடவினேன். சூட்டில் வெட்டிய ஓரம், மூலையில் மீன் முள் மாதிரி நின்றது. கோமு, நான் பதினாறு வருஷமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். லேபிள் நேராக இருக்கிறதா, சைஸ் சரியா, துவைக்கிற குறி சரியா என்று ஒரு நாளைக்கு எத்தனை நூறு பீஸ் திருப்பிப் பார்க்கிறேன்! அந்த ஓரம் ஒரு கழுத்தில் எப்படி உரசும் என்று ஒரு தடவைகூட விரல் வைத்துப் பார்த்ததில்லை. அன்றைக்கே நூல் வெட்டுகிற ட்ரிம்மரை எடுத்து வீட்டிலிருந்த அவன் சட்டை எல்லாவற்றிலும் லேபிளைப் பிரித்தேன். வெறுமனே வெட்டினால் அடிக்கட்டை இன்னும் மோசமாகக் குத்தும். தையலைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். மறுநாள் அவன் அழாமல் ஸ்கூலுக்குப் போனான்.

அப்புறம்தான் கோவையில் ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைகளைச் சிரமமில்லாமல் செய்யப் பழக்குகிற சிகிச்சை, பார்க்கிற ஓர் அம்மாவிடம் கூட்டிப்போனோம். அவர் பையனைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், "உங்களுக்கு எது தாங்காதும்மா?" என்று என்னைக் கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். நீ இப்போது கட்டியிருக்கிற புடவையின் இடுப்பு இறுக்கம், நான் சொன்ன பிறகுதானே உனக்குத் தெரிகிறது? கட்டிய கொஞ்ச நேரத்தில் மூளை அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது. சிலருக்கு அப்படி எடுப்பதில்லை. காலையில் குத்தின லேபிள் சாயங்காலம் வரை புதிதாகக் குத்திக்கொண்டே இருக்கும். அதே போலச் சிலருக்குச் சத்தம், சிலருக்கு வெளிச்சம், சிலருக்கு வாசனை. இன்னும் சிலர் நேர் எதிர். ரொம்பப் பலமாக வந்தால்தான் அவர்களுக்கு உறைக்கும். அதனால் சத்தத்தையும் அசைவையும் தேடிப் போவார்கள். அமெரிக்காவில் ஜீன் ஏயர்ஸ் என்ற தெரபிஸ்ட் 1972-லேயே இதைப் பற்றிப் புத்தகம் எழுதியிருக்கிறார். ஐம்புலன் மட்டும் போதாது, காதுக்குள் இருக்கிற சமநிலை உணர்வையும் தசை, மூட்டு உணர்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினாராம். இதைத் தனி வியாதி என்று டாக்டர்களின் கையேட்டில் சேர்க்கவில்லை. ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக 2013-ல் சேர்த்தார்கள். ஆட்டிசம் இல்லாதவர்களுக்கும் இது உண்டு. அதனால் பேத்தியைப் பற்றி உடனே பயந்துவிடாதே. பேச்சு, விளையாட்டு, மற்ற பிள்ளைகளோடு பழகுவது இதெல்லாம் வயசுக்குத் தக்கபடி இருக்கிறதா என்று குழந்தை டாக்டரிடம் ஒரு தடவை கேட்டுவிடு. காதையும் பார்க்கச் சொல்.

காங்கேயத்தில் மாமனார் வீட்டு ஊஞ்சலில் ஏற்றிவிட்டால் இவன் அரை மணி நேரத்தில் தெளிந்துவிடுவான். ஏன் என்று அதுவரை எனக்குத் தெரியாது. தூளியை யோசித்துப் பார். சேலை உடம்பை நாலு பக்கமும் இறுக்கிப் பிடிக்கிறது, ஒரே தாளத்தில் ஆடுகிறது. தெரபி அறையிலும் துணி ஊஞ்சல்தான் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் அம்மாக்கள் கையில் இருந்த விஷயம்தானே இது.

வீட்டில் பெரிதாக எதுவும் மாற்றவில்லை. மிக்ஸி போடுவதற்கு முன்னால் "போடப் போறேன்" என்று சொல்கிறேன். அவன் பின்கட்டுக்குப் போய்விடுவான். பின்னாலிருந்து வந்து தலையைத் தடவ மாட்டேன். லேசாகத் தடவினால் அவனுக்குக் கூசும், இறுக்கி அணைத்தால் பிடிக்கும். பனியனைத் தையல் வெளியே தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொள்கிறான். அத்தைக்கு முதலில் பொறுக்கவில்லை. இப்போது அவர்களே திருப்பி மடித்து வைக்கிறார்கள்.

கஷ்டமெல்லாம் அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில்தான் இருந்தது. அவருக்கு டிவி அலற வேண்டும், சாப்பிடும்போதுகூட மேஜையில் விரலால் தாளம் போட வேண்டும். "ஆம்பளப் பிள்ள இதுக்குப் போய் அழுவானா" என்பார். மகனுக்கு அதிகமாக விழுகிறது, அவருக்குக் குறைவாக விழுகிறது, இரண்டு பேருமே வேண்டுமென்று செய்யவில்லை என்று அந்த அம்மா எடுத்துச் சொன்ன பிறகு அவர் ரொம்ப நேரம் பேசவே இல்லை. மறுநாள் ஹெட்போன் வாங்கிவந்தார். எங்கள் வீட்டில் பாதிச் சண்டை அன்றோடு போயிற்று.

என் கதைக்கும் வருகிறேன். எனக்கு எது தாங்காது என்ற கேள்விக்கு ஒரு வாரம் கழித்துத்தான் பதில் கிடைத்தது. செக்கிங் டேபிளுக்குப் பக்கத்தில்தான் கறை எடுக்கிற மருந்து அடிப்பார்கள். அந்த வாடையில் சாயங்காலம் ஆனால் நெற்றி வெடிக்கும். அந்தத் தலைவலியோடு வீட்டுக்கு வந்துதான் பிள்ளையின் அழுகையைக் கேட்டேன், கை ஓங்கினேன். வேலை என்றால் அப்படித்தான் என்று இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன். மேனேஜரிடம் கேட்டதும் டேபிளை ஜன்னல் பக்கம் மாற்றிக் கொடுத்துவிட்டார்.

அதற்கப்புறம் மற்றவர்களையும் கவனிக்க ஆரம்பித்தேன். புதிதாக வந்த ஒரு பெண் மத்தியானத்துக்கு மேல் டேமேஜ் பீஸை எல்லாம் விட்டுவிடுவாள். தினமும் திட்டு வாங்கினாள். அவள் தலைக்கு மேலே பழைய சோக் போட்ட ட்யூப்லைட். நம் கரண்டில் அது நொடிக்கு 100 தடவை மினுக்கும். முக்கால்வாசிப் பேர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சிலருக்குத் தலைவலி வந்துவிடும். இங்கிலாந்தில் ஓர் ஆபீசில் மினுக்காத விளக்கு மாட்டிப் பார்த்ததில் தலைவலியும் கண்வலியும் பாதிக்கு மேல் குறைந்ததாக 1989-லேயே எழுதியிருக்கிறார்கள். நாங்களும் அந்த ட்யூபை மாற்றினோம். அவளை ரேடியோ பெட்டிக்குப் பக்கத்திலிருந்து சுவரோர டேபிளுக்கு அனுப்பினோம். இன்றைக்கு அந்த லைனில் அவள் பார்த்த பீஸை நான் மறுபடி பார்ப்பதில்லை. ஆனால் ரேடியோவை நிறுத்திவிடவும் முடியாது. ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுகிற பெண் ஒருத்திக்குப் பாட்டு நின்றால் கையும் நின்றுவிடும். ரேடியோவை அவள் பக்கம் தள்ளி வைத்துவிட்டோம்.

பேத்தி விஷயத்தில் ஒன்றே ஒன்று செய். அடுத்த தடவை கோயிலுக்குப் போகும்போது மேளம் எப்போது ஆரம்பிக்கும் என்று முன்னாலேயே அவளிடம் சொல். வெளியே போகிற வழிக்குப் பக்கத்தில் நில். காதைப் பொத்தினால் கையை எடுத்துவிடாதே. அவள் தன்னைப் பார்த்துக்கொள்கிறாள், அவ்வளவுதான். உன் மகளை யாராவது பேசினால் என் பெயரைச் சொல், நான் போனில் பதில் சொல்கிறேன். இந்த விஷயத்தில் அந்தப் பெண் தலைகுனியக் கூடாது.

இதோடு இரண்டு சின்ன பனியன் அனுப்பியிருக்கிறேன். லேபிள் தைக்காமல் கழுத்தில் அச்சடித்தது. ஒரு தடவை துவைத்துவிட்டுப் போட்டுவிடு.

போனஸ் போட்டு லீவு விட்டதும் தீபாவளிக்கு அங்கே வரலாம் என்றிருக்கிறோம். சின்னவன் உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னான்: உங்கள் வீட்டு மாடி ரூமின் ஜன்னல் தெருப் பக்கமா, தோட்டத்துப் பக்கமா? தோட்டத்துப் பக்கம் என்றால் பாப்பாவையும் அங்கே தன்னோடு வைத்துக்கொள்கிறானாம்.

உன்
செல்வி