பொங்கல் வரை ஷூ வேண்டாம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

திங்கட்கிழமை பிரேயரில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தான். ஷூவைக் கழற்றச் சொல்லிப் பார்த்தால் சாக்ஸ் சொட்டச் சொட்ட ஈரம், விரலிடுக்கில் தோல் வெள்ளையாக ஊறி உரிந்து உள்ளே சிவந்திருக்கிறது. மழையில் நனைந்து நான்கு நாளாக அதே ஈர ஷூ. ஏன்டா என்றால், "ஷூ போடலன்னா திட்டுவாங்க சார்" என்றான். எனக்கு மனசு கேட்கவில்லை. பொங்கல் விடுமுறை வரை நம் பள்ளியில் யாருக்கும் ஷூ, சாக்ஸ் கட்டாயம் இல்லை. பின்பக்கம் வார் வைத்த ரப்பர் செருப்பு போதும், ஆனால் வெறுங்காலோடு மட்டும் அனுப்பாதீர்கள்.

2015-லும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தண்ணீர் எத்தனை நாள் தேங்கி நின்றது என்று உங்களுக்கே தெரியும். அது வெறும் மழைத்தண்ணீர் இல்லை, சாக்கடையும் எலி மூத்திரமும் கலந்தது. காலில் சின்னக் கீறல் இருந்தாலோ தோல் ஊறிப் போயிருந்தாலோ அது வழியாக எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போய்விடும். தண்ணீரில் நடந்து ஒன்றிரண்டு வாரம் கழித்துக்கூடக் காய்ச்சல் வரலாம். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் உடனே டாக்டரிடம் போங்கள், பிள்ளை தேங்கிய தண்ணீரில் நடந்ததை மறக்காமல் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் மாத்திரையிலேயே சரியாகிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுப் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்து உலர விடுங்கள். சேற்றுப்புண் வராமலிருக்க இதுதான் முக்கியம், பவுடர் எல்லாம் அப்புறம். ஆளுக்கொரு துண்டு வையுங்கள்.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். படர்தாமரைக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் பல களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. தடவினால் இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், குணமாகிவிட்டது என்று நாமும் நிம்மதியாக இருப்போம், ஆனால் பூஞ்சை சாகாமல் இன்னும் அகலமாகப் பரவி, வீட்டில் மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும். டாக்டரிடம் காட்டி எழுதி வாங்குங்கள், அரிப்பு நின்றாலும் அவர் சொன்ன நாள் வரை தடவுங்கள்.

ஆணியோ கண்ணாடியோ குத்தினால் மஞ்சளையும் டீத்தூளையும் அப்ப வேண்டாம். கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். 10 வயதிலும் 16 வயதிலும் போடும் டிடி (ரணஜன்னி, தொண்டை அடைப்பான் தடுப்பு) ஊசி விட்டுப்போயிருந்தால் அங்கேயே இலவசமாகப் போடுவார்கள்.

பிள்ளைகளைக் கூட்டி வரும் தாத்தா, பாட்டிகளில் பலருக்குச் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரையால் பாதம் மரத்துப்போயிருந்தால் காலில் குத்தியதே அவர்களுக்குத் தெரியாது. இரவில் பேரப்பிள்ளையின் பாதத்தைப் பார்க்கும்போது அவர்கள் பாதத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

செருப்பு வாங்க இப்போது கையில் பணம் இல்லை என்றால் வகுப்பாசிரியரிடம் அளவை மட்டும் சொல்லி அனுப்புங்கள். ஆபீஸ் அறையில் புதுச் செருப்புகள் வாங்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்