மலைக்கிராமங்களுக்குத் தொலைவழி மனநல ஆலோசனை: ஊர்க்காரரின் துணை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைபேசி, காணொலி வழியாக வழங்கப்படும் மனநல ஆலோசனையை மலைக்கிராமங்களுக்கும் பழங்குடியினர் குடியிருப்புகளுக்கும் விரிவாக்க வேண்டும் என்ற கோரிக்கையை, நீலகிரி மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில் மனமார வரவேற்கிறேன். ஆனால், எத்தனை ஊர்களுக்கு அலைபேசிக் கோபுரம் வந்தது, எத்தனை கைக்கணினிகள் வழங்கப்பட்டன என்ற கணக்கோடு அந்த விரிவாக்கம் முடிந்துவிடுமோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

பணியில் இருந்த கடைசி ஆண்டுகளில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பிறந்து இருபது நாளான குழந்தையைப் பறிகொடுத்த பணியர் இனப் பெண் ஒருவர் வாரக்கணக்கில் யாரோடும் பேசாமல், அடுப்புக்கூடப் பற்றவைக்காமல் இருந்தார். நகரத்து ஆலோசகர் ஒருவரிடம் அவரைப் பேசவைக்க எண்ணி, சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான மேட்டுப் பாறைக்கு அழைத்துச் சென்றேன். கணவர், மாமியார், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் என ஏழெட்டுப் பேர் கூடவே ஏறி வந்துவிட்டார்கள். குரல் விட்டுவிட்டு வந்ததால் ஒலிபெருக்கியைப் போட வேண்டியதாயிற்று. மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார்; அந்தப் பெண்ணோ, 'நல்லா இருக்கேன்' என்ற இரண்டு சொற்களைத் தமிழில் சொல்லிவிட்டு அலைபேசியை என் கையில் திணித்தார். அடுத்த மாதம், அவர் மொழியே பேசும் சுகாதாரத் தன்னார்வலப் பெண்ணை அருகில் அமர்த்தி, துணை சுகாதார நிலையத்தின் ஊசி போடும் அறையிலிருந்து அதே ஆலோசகரைக் காணொலியில் அழைத்தோம். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் கதவு திறந்தது. உள்ளே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் அவர் வீட்டு அடுப்பு புகைந்ததைப் பார்த்தேன்.

தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியுள்ள தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகத்தினரும் எங்கள் மாவட்டத்தில் வாழ்கிறார்கள். பணியரின் பேச்சு மலையாளத்தை ஒட்டியது; காட்டுநாயக்கரின் பேச்சில் கன்னடச் சாயல் தெரியும். கடையிலும் மருத்துவமனையிலும் இவர்கள் தமிழில் சமாளித்துக்கொள்கிறார்கள் என்பதால் துக்கத்தையும் தமிழிலேயே சொல்லிவிடுவார்கள் என்று எண்ணுவது தவறு. தமிழே பேசும் மலைக்கிராமங்களில்கூட 'மனச்சோர்வு' என்று யாரும் வந்து சொல்வதில்லை. மண்டை கனக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை என்றுதான் சொல்வார்கள்; நாமும் இரத்த அழுத்தம் பார்த்து, சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் அனுப்பினேன்.

2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் 14416 என்ற இலவச எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம் என்பது பெரிய வசதி. அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். கூடலூரிலிருந்து மாவட்டத் தலைநகரான உதகைக்கு மலைப்பாதையில் சுமார் 50 கி.மீ.; ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்துக்கும் செலவழித்து, மனநல மருத்துவரைப் பார்க்க எத்தனை பேர் வருவார்கள்? 2015-16-ல் பெங்களூரின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, மனநலக் கோளாறுகளுக்குச் சிகிச்சை கிடைக்காதவர்கள், கோளாறின் வகையைப் பொறுத்து, 100-க்கு 70 முதல் 92 பேர் வரை என்று கண்டது. அது நாடு முழுவதற்குமான நிலை. மலை மேல் என்ன நிலை என்பதை ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் 14416-ஐ அழைக்க, தனக்கு மனநலச் சிக்கல் இருப்பதை உணர்ந்து, தனக்கென ஓர் அலைபேசி வைத்திருந்து, அதில் தனிமையில் பேசக்கூடியவராக ஒருவர் இருக்க வேண்டும். எங்கள் குடியிருப்புகளில் வீட்டுக்கு ஓர் அலைபேசி இருந்தாலே அதிகம். அதுவும் பெரும்பாலும் ஆண்களின் சட்டைப் பையில் இருக்கும்.

இதற்கான வழியைத் தமிழ்நாடே முன்பு காட்டியிருக்கிறது. சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் 2010-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் பேருந்து ஒன்றையே நடமாடும் மருத்துவமனையாக மாற்றி ஓட்டியது. சென்னையில் இருக்கும் மனநல மருத்துவர் பேருந்துக்குள் உள்ள திரையில் நோயாளியைப் பார்ப்பார். அவர் எழுதும் மாத்திரை அதே பேருந்தில் இலவசமாகக் கிடைக்கும். இவற்றைவிட முக்கியமானது, நோயாளிகளைக் கண்டறிந்து அழைத்து வந்தவர்களும், மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று பின்னர் வீடு தேடிப் போய்ப் பார்த்தவர்களும் அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த களப்பணியாளர்கள் என்பது.

அந்த ஏற்பாட்டை இன்று மலைக்குக் கொண்டுவர வேண்டியவை பெரும்பாலும் அரசின் கையிலேயே இருக்கின்றன. 2023 நவம்பரில் தொடங்கப்பட்ட பிரதமர் ஜன்மன் திட்டத்தில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளின் குடியிருப்புகளுக்கு நடமாடும் மருத்துவ வாகனங்களும் அலைபேசிக் கோபுரங்களும் சேர்க்கப்பட்டுள்ளன. அந்த வாகனத்தில் ஒரு திரையும், அடைக்கப்பட்ட ஒரு மூலையும், மனநல மாத்திரைகள் வைக்க ஒரு பெட்டியும் சேர்ப்பது பெரிய செலவாகாது. மக்களைத் தேடி மருத்துவம் வழியாக நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகள் 2021 முதல் வீட்டுக்கே வருகின்றன. அதே பையில் மனநல மாத்திரைகளும் வரலாம்.

ஆள்தான் கேள்வி. தமிழ்நாட்டில் ஆஷா எனப்படும் ஊர்மட்டச் சுகாதாரப் பணியாளர்கள் பெரும்பாலும் மலை, பழங்குடிப் பகுதிகளிலேயே இருக்கிறார்கள். அவர்களில் விருப்பமுள்ளவர்களையும், பழங்குடி சமூகங்களிலிருந்தே படித்து வரும் இளம்பெண்களையும் தேர்ந்தெடுத்து, முறையான பயிற்சியும் தனி ஊதியமும் கொடுத்து மனநலத் துணையாளராக அமர்த்த வேண்டும். ஊதியம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஏற்கெனவே சுமக்கும் பதிவேடுகளோடு இன்னொரு பதிவேட்டையும் கொடுத்து அனுப்பினால் பதிவேடு மட்டும்தான் நிரம்பும். மனநல மருத்துவம் படிக்காதவர்களால் இது ஆகுமா என்று கேட்பவர்கள், கோவாவில் சங்காத் என்ற தொண்டு அமைப்பு பயிற்சி அளித்த சாதாரண ஆலோசகர்கள், கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஆறு முதல் எட்டு அமர்வுகளில் பலன் தந்ததைக் காட்டும் ஆய்வு 2017-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானதைப் பார்க்கலாம். துணையாளர் ஊரில் இருப்பார். அவருக்கு வழிகாட்டும் மருத்துவரும் உளவியலாளரும் உதகையிலோ சென்னையிலோ இருந்து காணொலியில் வரட்டும். என் கருத்தில் தொலைத்தொடர்பு அதிகம் பயன்படக்கூடிய இடம் இதுதான்.

ஊர்க்காரர் என்பதிலேயே ஒரு சிக்கலும் உண்டு. கேட்டதை வெளியே சொல்லிவிட்டால் அந்தக் குடியிருப்பில் இனி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆகவே இரகசியம் காப்பதைப் பயிற்சியின் முதல் பாடமாக வைப்பதோடு, விரும்புபவர் பக்கத்து ஊர்த் துணையாளரை நாடவும் இடம் வேண்டும்.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 18-ஆவது பிரிவு, அரசு நடத்தும் அல்லது நிதியளிக்கும் மனநல சேவையைப் பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் அளிக்கிறது. மாவட்ட மனநலத் திட்ட அலுவலர்கள் இந்த ஆண்டிலேயே ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்து இதைத் தொடங்கலாம். அதற்கு முன், ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும் ஓர் அறைக்காவது உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அன்று அந்தப் பெண் பேசிய முக்கால் மணி நேரமும் நான் வெளியே கதவில் சாய்ந்துகொண்டு நிற்க வேண்டியிருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
நீலகிரி மாவட்டம்.