அந்தக் கிழவரை வீட்டுக்குக் கூப்பிட்டவர்

குயின்ஸ், நியூயார்க்
பூரிம் கழிந்த ஆறாம் நாள்

அன்புள்ள எஸ்தருக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டேன் என்று நீ எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மருமகள் சொல்வதைக் கேட்டு இன்னும் கொஞ்ச நாள் கம்பு ஊன்றியே நட. தண்ணீர்க் குடத்தைத் தூக்காதே.

போன வாரம் முழுக்க உன் பெயர்தான் என் காதில் விழுந்துகொண்டிருந்தது. இங்கே யூதர்களுக்குப் பூரிம் பண்டிகை. ஜெப ஆலயத்தில் எஸ்தர் புத்தகத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை ராகத்தோடு வாசிக்கிறார்கள். யூதர்களை அழிக்கப் பார்த்த ஆமானின் பெயர் வரும்போதெல்லாம் சின்னப் பிள்ளைகளிலிருந்து தாத்தாக்கள் வரை கிலுகிலுப்பையைச் சுழற்றி, காலைத் தரையில் உதைத்து, அந்தப் பெயரே கேட்காதபடி சத்தம் போடுகிறார்கள். பாளையங்கோட்டையில் உங்கள் ஆலயத்தில் இதே புத்தகத்தை எவ்வளவு அமைதியாக வாசிப்பார்கள்! எபிரேய மூலத்தில் அந்தப் புத்தகம் முழுவதிலும் கடவுளின் பெயர் ஒரு இடத்தில்கூட வராது என்று உனக்குத் தெரியுமா? எனக்கு இந்த வருடம்தான் தெரிந்தது.

நான் ஏன் அங்கே போனேன் என்று கேட்பாய். உனக்குத் தெரியும், அப்பாவோடு போனில் பேசும் நேரம் எது என்று. இங்கே செவ்வாய் இரவு ஏழு மணி, அங்கே புதன் விடியல் ஐந்தரை. காபி குடித்துவிட்டு போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் போனபிறகு செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. சும்மா நடக்கப் போவேன். அப்படி நடக்கும்போதுதான் பக்கத்துத் தெரு ஜெப ஆலயத்தின் வாசலில் ஒரு தாளைப் பார்த்தேன். யூத நாடகமும் கதைசொல்லலும், பெரியவர்களுக்கான வகுப்பு, செவ்வாய் மாலை, யாரும் வரலாம் என்று போட்டிருந்தது. உள்ளே போய் உட்கார்ந்தேன். அக்டோபரிலிருந்து ஒரு வாரமும் விடவில்லை.

பதினாலு பேர். பாதிக்கு மேல் எழுபதைத் தாண்டியவர்கள். எங்களுக்கு வாசித்துக் காட்டும் ஆசிரியை முன்பு மேடையில் நடித்தவர். பாடம் நடத்துவது என்பதே கிடையாது. முதலில் இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து, ஒரே பக்கத்தை மாறி மாறிச் சத்தமாக வாசிக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, இவள் ஏன் இப்படிச் சொன்னாள், நீயாக இருந்தால் என்ன சொல்வாய் என்று ஒருவரையொருவர் மடக்க வேண்டும். யூதர்களின் சட்டநூலான தால்முத் படிக்கிறவர்கள் காலங்காலமாக இப்படித்தான் ஜோடி சேர்ந்து படிப்பார்களாம். ஹவ்ரூதா என்று பெயர். பக்கத்து ஜோடியின் சத்தத்தில் நம் குரல் நமக்கே கேட்காது. சந்தைக்கடை மாதிரி இருக்கும். ஆனால் நாற்பது வருடமாகத் தனியாக, மௌனமாகப் படித்துப் பழகிய எனக்கு அந்த இரைச்சல் எவ்வளவு தேவைப்பட்டது என்று எழுதிக் காட்ட முடியவில்லை.

பூரிமுக்கும் நாடகத்துக்கும் என்ன சம்பந்தம் என்றால், நிறைய இருக்கிறது. ஐரோப்பாவில் இத்திஷ் என்ற மொழி பேசிய யூதர்களுக்குப் பல நூற்றாண்டுகள் நாடகம் என்றால் பூரிம் நாடகம்தான். பண்டிகைச் சாப்பாடு நடக்கிற வீட்டுக்குள் வேஷம் கட்டிய வாலிபர்கள் புகுந்து, எஸ்தர் கதையில் வரும் அகாஸ்வேரு ராஜாவும் மொர்தெகாயுமாக நடித்துவிட்டு, காசோ பலகாரமோ வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். டிக்கெட் வாங்கிப் பார்க்கிற தொழில்முறை நாடகம் வந்தது 1876இல்தான். ருமேனியாவில் யாஷ் என்ற ஊரில், ஒரு மதுத் தோட்டத்தில், ஆபிரகாம் கோல்ட்ஃபாடன் என்பவர் தொடங்கினார். ஏழே வருடத்தில், 1883இல், ரஷ்யப் பேரரசு இத்திஷ் நாடகத்துக்குத் தடை போட்டது. நடிகர்கள் மூட்டை கட்டிக்கொண்டு லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் கிளம்பினார்கள். பார்வையாளர்களும் பின்னாலேயே வந்தார்கள். 1881க்கும் 1924க்கும் இடையில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏறத்தாழ இருபது லட்சம் யூதர்கள் அமெரிக்கா வந்திருக்கிறார்கள்.

இனி நான் உனக்கு எழுத உட்கார்ந்ததே எதற்காகவோ அதைச் சொல்கிறேன்.

நவம்பரில் நாங்கள் எடுத்துக்கொண்டது ஜேக்கப் கோர்டின் எழுதிய ‘யூத லியர் அரசன்’. 1892இல் நியூயார்க்கில் மேடையேறியது. கதை வில்னாவில், ஒரு பூரிம் விருந்தில்தான் தொடங்குகிறது. டோவிட் மொய்ஷெலெஸ் என்ற பணக்கார வியாபாரி, சொத்தையெல்லாம் மூன்று பெண்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, கடைசிக் காலத்தைப் புண்ணிய பூமியில் கழிக்கப்போவதாக அறிவிக்கிறார். மற்ற இரண்டு பெண்களும் கையை நீட்டி வாங்கிக்கொள்கிறார்கள். கடைக்குட்டி டைபெலெ மட்டும் எனக்கு நகை வேண்டாம், மருத்துவம் படிக்கப் போகிறேன் என்கிறாள். அப்பாவுக்குக் கோபம். அங்கேயே இருக்கிற ஒரு ஆசிரியர் அவரிடம் ராஜ்யத்தை மகள்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுத் தவித்த ஷேக்ஸ்பியரின் லியர் அரசன் கதையைச் சொல்லி, நீங்களும் அதே தப்பைச் செய்கிறீர்கள் என்று எச்சரிக்கிறார். பெரியவர் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் மூத்த மகள் வீட்டிலேயே ஒரு வாய்ச் சாப்பாட்டுக்குக் காத்துக்கிடக்கிறார். கண்பார்வை போகிறது. வேலைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, யூத லியர் அரசனுக்குப் பிச்சை போடுங்கள் என்று தெருவில் இறங்குகிறார்.

அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் ஜேக்கப் ஆட்லர். அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. பசியோடு நிற்கும் தகப்பனுக்கு மகள் சாப்பாடு தர மறுக்கும் காட்சியில், கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து மேடையை நோக்கி ஓடிவந்தாராம். ‘விட்டுத் தள்ளு யாங்கெல், உன் மகளுக்கு இருப்பது நெஞ்சில்லை, கல். என்னோடு வா, என் வீட்டுக்காரி நன்றாகச் சமைப்பாள்’ என்று அழுதுகொண்டே கூப்பிட்டாராம். யாங்கெல் என்றால் ஜேக்கப்தான், செல்லமாக. நாடகத்தில் வரும் கிழவரையும் நடிக்கிற ஆட்லரையும் அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இந்த நாடகத்தைப் பார்த்த மறுநாள் காலையில் பிள்ளைகள் வங்கி வாசலில் வரிசையில் நின்று ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்குப் பணம் அனுப்பினார்கள் என்றும் சொல்வார்கள்.

இதைப் பற்றி எங்கள் வகுப்பில் நடந்த வாக்குவாதத்தை நீ கேட்டிருக்க வேண்டும். ஒருவர், வழக்கறிஞராக இருந்து ஓய்வு பெற்றவர், இது கலையே இல்லை, கண்ணீரைக் கறக்கிற வேலை, ஷேக்ஸ்பியரில் லியர் செத்துப்போகிறான், இதில் கடைக்குட்டி டாக்டராகி வருகிறாள், எல்லோரும் சேர்ந்துவிடுகிறார்கள், இது என்ன முடிவு என்றார். அவருக்கு எதிரே என் ஜோடி. எண்பத்து நாலு வயது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு செகண்ட் அவென்யூவில் இருந்த இத்திஷ் நாடகக் கொட்டகைகளுக்குப் போனவர். அவர் மெதுவாகச் சொன்னார்: ‘என் பாட்டி பதினாறு வயதில் கப்பலேறினாள். அவளுடைய அப்பாவை அதற்கப்புறம் பார்க்கவே இல்லை. அவளுக்கு முன்னால் நின்றுகொண்டு அந்தக் கிழவர் சாகத்தான் வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்களா?’

அறை அமைதியாகிவிட்டது. வழக்கறிஞர் விடவில்லை, அடுத்த வாரமும் அதே கேள்வியோடுதான் வந்தார். எனக்கு அது பிடித்தது. ஆனால் நான் அந்தப் பாட்டியின் பக்கம்தான், எஸ்தர். அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருமே ஒரு அப்பாவையோ அம்மாவையோ கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தவர்கள். பணம் அனுப்புகிறோம், அங்கே யாராவது சோறு போடுவார்கள் என்று நம்பிக்கொண்டு தையல் இயந்திரத்துக்கு முன்னால் குனிந்திருந்தவர்கள். எழுந்து ஓடிய அந்த மனிதர் தன் அப்பாவைத்தான் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. நானும் இருபத்தேழு வருடம் மாதம் தவறாமல் பணம் அனுப்பினேன். அப்பா சாப்பிட்டாரா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்பார். மத்தியானம் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டார் என்பதை, எல்லாம் முடிந்தபிறகு நீ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வாரத்துக்கு இரண்டு நாள் நீ மீன் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்ததையும் அவர்தான் போனில் சொன்னார், நீ சொல்லவில்லை.

அன்றைக்கு டோவிட் மொய்ஷெலெஸின் வசனத்தை நான் வாசிக்க வேண்டிய முறை வந்தது. பாதியில் நின்றுவிட்டேன். என் ஜோடி புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, மீதியை இத்திஷிலேயே வாசித்து முடித்தார். எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் எல்லாம் புரிந்தது.

ஜனவரியில் வேறு மாதிரி ஒரு வாரம். நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்திருந்த வில்னா கெட்டோவுக்குள் 1942 ஜனவரியில் ஒரு நாடக அரங்கு திறந்தார்கள். அதற்கு முந்தைய சில மாதங்களில்தான் அந்த ஊர் யூதர்களில் பல்லாயிரம் பேரைப் பக்கத்திலுள்ள பொனார் காட்டில் சுட்டுக் கொன்றிருந்தார்கள். ‘கல்லறையில் நாடகம் போடுவதில்லை’ என்று எதிர்ப்புச் சுவரொட்டி ஒட்டினார்கள். கெட்டோ நூலகத்தை நடத்திய ஹெர்மன் க்ரூக் தன் நாட்குறிப்பில் இந்த எதிர்ப்பைப் பதிவு செய்திருக்கிறார். அரங்கு நடந்தது, கூட்டமும் வந்தது. க்ரூக் பிற்பாடு எஸ்தோனிய முகாமில், சாவதற்கு முந்தைய நாள் நாட்குறிப்பைப் புதைத்து வைத்தார். எழுதியது மிஞ்சியது. அந்த வாரம் யாரும் வாதாடவில்லை. சீக்கிரமாகவே வீட்டுக்குப் போய்விட்டோம்.

கதைசொல்லும் பகுதியில் எனக்கு மிகவும் பிடித்தது பிரெஸ்லாவ் ஊர் யூத மதகுரு ரப்பி நஹ்மான் சொன்ன ஏழு பிச்சைக்காரர்கள் கதை. 1810இல், தான் இறந்த அதே வருடத்தில் சொன்னது. காட்டில் தொலைந்துபோன இரண்டு குழந்தைகளுக்கு ஏழு பிச்சைக்காரர்கள் ஆளுக்கு ஒரு நாள் ரொட்டி கொடுக்கிறார்கள். ஒருவர் குருடர், ஒருவர் செவிடர், ஒருவர் திக்குவாயர், இப்படி. குழந்தைகள் வளர்ந்து தங்களுக்குள்ளேயே கல்யாணம் செய்துகொள்ளும்போது, ஒவ்வொரு நாளும் ஒரு பிச்சைக்காரர் வந்து ஒரு கதையைப் பரிசாகச் சொல்கிறார். ஆறு நாள் ஆறு பேர். ஏழாவது, கால் இல்லாதவர், வரவே இல்லை. கதை அங்கேயே நிற்கிறது. ரப்பி அதைச் சொல்லாமலே போய்விட்டார். வகுப்பில் சிலர் அதை முடித்துப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டார்கள். ஆசிரியை சம்மதிக்கவில்லை. இருநூறு வருடமாக அவருக்காக ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, நீங்கள் அதில் உட்கார வேண்டாம் என்றார்.

சரி, இப்போது உன்னிடம் ஒரு வேலை கேட்கப்போகிறேன்.

இத்திஷ் எழுத்தாளர் ஷோலெம் அலெய்ஹெம் 1916 மே 13 அன்று இந்த ஊரில்தான் இறந்தார். இறுதி ஊர்வலத்துக்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். என்னைப் பணக்காரர்களோடு புதைக்க வேண்டாம், உழைக்கிற சாதாரண ஜனங்களோடு புதையுங்கள் என்று உயிலில் எழுதியிருந்தார். என் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், குயின்ஸில் இருக்கும் மவுண்ட் கார்மல் கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறார். ஒவ்வொரு வருட நினைவு நாளிலும் கூடி, தன் கதைகளில் நல்ல சிரிப்புக் கதையாக ஒன்றை எடுத்து, கேட்பவர்களுக்கு எந்த மொழி நன்றாகப் புரியுமோ அந்த மொழியில் வாசிக்கச் சொல்லியிருக்கிறார். மே மாதம் எங்கள் வகுப்பும் அப்படி வாசிக்கப்போகிறது. ஆளுக்கு ஒரு துண்டு, அவரவர் வீட்டு மொழியில். இத்திஷ், ரஷ்யன், ஸ்பானிஷ், ஆங்கிலம். தமிழில் நான்.

எடுத்திருப்பது பால்காரர் டெவ்யேயின் முதல் கதை, 1894இல் எழுதியது. வழி தவறிக் காட்டில் நிற்கும் இரண்டு பெண்களை டெவ்யே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விடுகிறார், அவர்கள் பணமும் ஒரு பசுவும் கொடுத்து அனுப்புகிறார்கள். கதை சுலபம். கஷ்டம் அவர் பேச்சில் இருக்கிறது. வாயைத் திறந்தால் வேதவசனம். உடனே அதற்கு அர்த்தம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, தன் குதிரைக்கும் வறுமைக்கும் பொருந்துகிற மாதிரி எதையாவது சொல்வார். ஆங்கில வழியில் வாசித்து நான் எழுதியது செத்துக் கிடக்கிறது. வசனம் நம் பழைய வேதாகமத் தமிழில் வர வேண்டும், அர்த்தம் சொல்லும்போது பாளையங்கோட்டைச் சந்தைப் பேச்சாக இறங்க வேண்டும். இதை உன்னைத் தவிர யாரால் செய்ய முடியும், ஏட்டி? வேதாகமத்தின் சங்கீதப் புத்தகம் முழுவதும் உனக்கு மனப்பாடம். உங்க அம்மா வசனம் சொல்லியே பால்காரரிடம் கணக்குத் தீர்த்தவர்கள்.

இதோடு ஆறு பக்கம் வைத்திருக்கிறேன். இடது ஓரத்தில் கோடு போட்டிருக்கும் இடங்கள்தான் வசனங்கள், பக்கத்தில் அதிகார எண்ணும் எழுதியிருக்கிறேன். மனதில் படிக்காதே. யாரையாவது எதிரே உட்காரவைத்துச் சத்தமாக வாசித்துப் பார்த்துத் திருத்து. பேரன் சிரிக்கிற இடத்தில் ஒரு புள்ளி வை. ஏப்ரல் கடைசிக்குள் திருப்பி அனுப்பினால் போதும். இல்லையென்றால் செவ்வாய்க்கிழமை, இங்கே வகுப்பு முடிந்ததும் எட்டரை மணிக்கு நான் கூப்பிடுகிறேன், போனிலேயே வாசித்துச் சொல். அங்கே கடிகாரத்தை மாற்றமாட்டார்கள், இங்கே மாற்றிவிட்டார்கள். உனக்கு அப்போது காலை ஆறு மணி.

அன்புடன்
வசந்தா