எடை ஏறிய வாரத்தில்தான் ஆள் வேண்டும்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பதினெட்டு நாள் ஆகிவிட்டது. படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், மாமியாருக்கு மருந்து கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. அதற்கு மறுநாளிலிருந்து ஆபீசில் ஆண்டுக் கணக்கு முடிப்பு. இன்றுதான் எல்லோரும் சீக்கிரம் தூங்கினார்கள். சமையலறை மேஜையில் விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் அப்பா. கைத்தடி இல்லாமல் வாசல்வரை நடந்துவிட்டார் என்று நீ எழுதியிருந்த வரியை இரண்டு முறை படித்தேன். விடுதியில் உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம் எனக்கும் சேர்த்தே ஒரு பொட்டலம் கொண்டுவருவாரே, அந்த மனிதர் படுக்கையில் கிடக்கிறார் என்று கேட்டதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. நான் விசாரித்தேன் என்று சொல்.

இங்கே பெரியவளுக்குப் பரீட்சை நடக்கிறது. சின்னவன் என் தோளுக்கு வளர்ந்துவிட்டான். மாமியாருக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் நடந்து ஏழு மாதம் ஆகிறது. இப்போது பாத்ரூமுக்குத் தானே போய்வருகிறார். மற்ற செய்தி எதுவும் பெரிதாக இல்லை.

இனி உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். 78 கிலோ என்று எழுதியிருக்கிறாய். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னாராம். இரண்டு முறை கஷ்டப்பட்டுக் குறைத்து, இரண்டு முறையும் பழையபடி ஏறிவிட்டதாம். அதற்குக் கீழே, "எனக்கு மன உறுதி கிடையாதுடி" என்று ஒரு வரி. அந்த வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

வேலையையும் விடாமல், அப்பாவையும் தூக்கி நிறுத்தி, இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட நீயா மன உறுதி இல்லாதவள்? ஆஸ்திரேலியாவில் ஒரு ஆராய்ச்சி நடந்தது, 2011-இல் வெளியானது. 50 பேரைச் சேர்த்துப் பத்து வாரம் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் வைத்தார்கள். எடை குறைந்தது. ஓராண்டு கழித்து ரத்தத்தைச் சோதித்தால், பசியைக் கிளப்பும் ஹார்மோன் இன்னும் முன்பைவிட அதிகமாகவே இருந்தது, போதும் என்று சொல்லும் ஹார்மோன் குறைவாகவே இருந்தது. இழந்ததைத் திரும்பப் பிடிக்க உடம்பு ஓராண்டாகியும் முயன்றுகொண்டுதான் இருக்கிறது. நீ இரண்டு முறையும் அதோடு தன்னந்தனியாக மல்லுக்கட்டியிருக்கிறாய். தோற்றதற்குக் காரணம் உன் குணம் இல்லை. இதை நீ நம்ப வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

நான் எப்படிக் குறைத்தேன் என்று கேட்டாய். 82-இலிருந்து 73-க்கு வர எனக்குப் பதினான்கு மாதம் ஆனது. சாப்பாட்டில் நான் செய்ததில் புதுமை ஒன்றும் இல்லை. தட்டில் பாதிக்குக் காய்கறி, ஒவ்வொரு வேளையும் பருப்போ முட்டையோ ஏதாவது ஒன்று, தேநீரில் சர்க்கரை இல்லை, மாலையில் முப்பத்தைந்து நிமிட நடை. இதெல்லாம் உனக்கும் தெரியும், நீயும் செய்திருக்கிறாய். என்னிடம் இருந்து உன்னிடம் இல்லாமல் போனது மூன்று பெண்கள்தான்.

ஒருநாள் ஆபீஸ் லிஃப்ட் பழுதாகிவிட்டது. நான்காவது மாடி ஏறுவதற்குள் எனக்கும் கணக்குப் பிரிவில் இருப்பவளுக்கும் மூச்சு வாங்கியது. படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டோம். "நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஏதாவது செய்யலாமா?" என்று அவள்தான் கேட்டாள். அவளுடைய அக்கா சேர்ந்தார், அவர் வயதில் எங்களுக்கெல்லாம் மூத்தவர். எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு நர்ஸும் சேர்ந்தாள். ஞாயிறு காலை வெறும் வயிற்றில் எடை பார்த்து, போனில் நாங்கள் நாலு பேரும் இருக்கும் குழுவில் அந்த எண்ணைப் போட வேண்டும். முதலில் வைத்துக்கொண்ட விதி அவ்வளவுதான்.

மூன்று மாதம் பிரமாதமாகப் போனது. எனக்கு 4 கிலோ குறைந்தது. யார் எண் இறங்கினாலும் மற்றவர்கள் கைதட்டல் படங்களாக அனுப்பித் தள்ளுவோம். அதற்குப் பிறகு நர்ஸ் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒரு ஞாயிறு, இரண்டு ஞாயிறு, மூன்று ஞாயிறு. வேலை அதிகம்போல என்று நினைத்துக்கொண்டோம். ஒருநாள் தெருமுனையில் நேருக்கு நேர் பார்த்தபோது கேட்டேன். அவள் கண் கலங்கிவிட்டது. "எடை ஏறியிருக்குக்கா. நீங்க எல்லாரும் கைதட்டிக்கிட்டு இருக்கிற இடத்துல அதை எப்படிக் கொண்டுவந்து போடறது?"

அன்று இரவு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எடை இறங்கிய வாரத்தில் யாருக்கும் யாரும் தேவையில்லை, கண்ணாடியே போதும். ஏறிய வாரத்தில்தான் ஒரு ஆள் வேண்டும். நாங்களோ அந்த வாரத்தில் ஒருத்தி வாயைத் திறக்க முடியாதபடி ஒரு குழுவைக் கட்டி வைத்திருந்தோம்.

அவளுக்கு வாரம் மூன்று இரவு டியூட்டி. பகலில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஐந்து மணி நேரம் தூங்கினாலே பெரிது. சிகாகோவில் பத்துப் பேரை வைத்துச் செய்த ஒரு சிறு ஆராய்ச்சி 2010-இல் வந்தது. அதே ஆட்கள், அதே அளவு சாப்பாடு. பதினான்கு நாள் எட்டரை மணி நேரம் படுக்கையில், இன்னொரு பதினான்கு நாள் ஐந்தரை மணி நேரம் மட்டும். இரண்டு முறையும் எடை கிட்டத்தட்ட ஒரே அளவுதான் குறைந்தது. ஆனால் தூக்கம் குறைந்தபோது, கரைந்த கொழுப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது. மீதி தசை போன்ற கொழுப்பில்லாத பகுதியிலிருந்து போனது. பசியும் கூடியது. பத்துப் பேர்தான், அதை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. இருந்தாலும் அவளுடைய நிலையை எங்களுக்குப் புரியவைக்க அது போதுமாக இருந்தது. நாங்கள் அவளுக்குச் சாப்பாட்டைப் பற்றியே யோசனை சொல்லிக்கொண்டிருந்தோம். அவளுக்குத் தேவைப்பட்டது தூங்க ஒரு இடம். மூத்தவர் வாரம் ஒரு மதியம் அவள் பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்.

விதியையும் மாற்றினோம். ஞாயிறு காலை முதலில் சொல்ல வேண்டியது, எத்தனை நாள் நடந்தோம், எத்தனை நாள் சாப்பிட்டதை எழுதிவைத்தோம், எத்தனை இரவு ஒழுங்காகத் தூங்கினோம். எடை அதற்கப்புறம், விருப்பம் இருந்தால் மட்டும். கடைசியாக எல்லோரும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: "இந்த வாரம் எது கஷ்டமா இருந்தது?" அந்தக் கேள்வியைச் சேர்த்த பிறகுதான் நாங்கள் நாலு பேரும் உண்மையில் ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டோம்.

இவ்வளவு யோசித்து விதி போட்ட நானே அதை மீறினேன். மாமியார் விழுந்து ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தார். காலையில் ஆபீஸ், சாயங்காலம் ஆஸ்பத்திரி, ராத்திரி பத்து மணிக்கு வீடு. கேண்டீனில் கிடைத்ததைத் தின்றேன். வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்தது இருக்கும். வீணாக்க மனமில்லாமல் நின்றபடியே அதையும் வாயில் போட்டுக்கொள்வேன். உனக்குத் தெரியும் அது, நாம் எல்லோரும் செய்வதுதான். இரண்டே வாரத்தில் இரண்டரை கிலோ ஏறியிருந்தது. அதில் கொஞ்சம் உப்புக்கும் தூக்கமின்மைக்கும் உடம்பு பிடித்துவைத்த நீராக இருந்திருக்கும். எனக்கு அன்று அதை யோசிக்கும் நிதானம் இல்லை. "மாற்றம் இல்லை" என்று குழுவில் போட்டேன். பொய்.

அந்த வாரம் முழுக்க அது தொண்டையில் முள்ளாக இருந்தது. அடுத்த ஞாயிறு எல்லாவற்றையும் எழுதினேன். எண்ணையும், பொய்யையும். மூத்தவர் பதில் போட்டார்: "இப்போ எதையும் குறைக்க வேண்டாம்மா. ராத்திரி சாப்பாட்டை மட்டும் உட்கார்ந்து சாப்பிடு. அது போதும்." அன்றிலிருந்து பத்து நாள், தினமும் ராத்திரி எட்டு மணிக்கு அவரிடமிருந்து போன் வரும். "உட்கார்ந்தாச்சா?" என்பார். "உட்கார்ந்துட்டேன்க்கா" என்பேன். அவ்வளவுதான் பேச்சு, வைத்துவிடுவார். அந்தப் போன் இல்லாவிட்டால் நான் அந்த மாதமே எல்லாவற்றையும் விட்டிருப்பேன்.

அமெரிக்காவில் ஜீன் நிடெட்ச் என்றொரு பெண்மணி இருந்தார், குடும்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். பிஸ்கட்டை அழுக்குத் துணிக்கூடையில் ஒளித்துவைத்து யாருக்கும் தெரியாமல் தின்னும் பழக்கம் அவருக்கு. 1961-இல் ஆறு தோழிகளை வீட்டுக்குக் கூப்பிட்டு அதை வாய்விட்டுச் சொன்னார். அவர்களும் அவரவர் ரகசியத்தைச் சொன்னார்கள். இரண்டு ஆண்டில் அது வெயிட் வாட்சர்ஸ் என்ற நிறுவனமாகிவிட்டது. நிறுவனமானது எனக்கு முக்கியமாகப் படவில்லை. அந்த முதல் நாள், ஒருத்தி துணிக்கூடையைப் பற்றிச் சொல்லி முடித்ததும் அந்த அறையில் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டைப் பற்றியும் கேட்டிருந்தாய். அவருக்கு முதலில் இதில் நம்பிக்கை இல்லை, "நீ நல்லாத்தானே இருக்கே" என்றார். நான் வாதாடவில்லை. சாயங்காலம் முப்பத்தைந்து நிமிஷம் எனக்கு வேண்டும், அந்த நேரம் பிள்ளைகள் உங்கள் பொறுப்பு என்று மட்டும் சொன்னேன். முதல் வாரம் தடுமாறினார், பிறகு பழகிவிட்டது. எனக்கென்று தனிச் சமையல் கிடையாது, நீயும் அதை ஆரம்பிக்காதே. இருக்கிற வேலையில் இரண்டாவது அடுப்பு மூன்று நாள்கூடத் தாங்காது. பிள்ளைகளுக்கு முதலில் கொஞ்சமாகப் பரிமாறி, வேண்டுமென்றால் மறுபடி கேட்கச் சொல்லியிருக்கிறேன். மிச்சம் விழுவது நின்றது.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. பத்தாயிரம் அடி நடக்க நேரமில்லை, அதனால் நடப்பதையே விட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பத்தாயிரம் மருத்துவர்கள் ஆராய்ந்து சொன்ன கணக்கு இல்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை அளக்கும் கருவியின் பெயர் அது, "மான்போ-கெய்", பத்தாயிரம் அடி அளவி என்று அர்த்தம். அங்கிருந்துதான் இந்த எண் உலகம் முழுக்கப் பரவியது. உன்னால் நாலாயிரம் முடிந்தால் நாலாயிரம் நட.

எல்லைக்கோட்டுச் சர்க்கரைக்கும் நல்ல செய்தி இருக்கிறது. உன்னைப் போன்ற நிலையில் இருந்த 3,234 பேரை வைத்து அமெரிக்காவில் நடத்திய பெரிய ஆராய்ச்சி 2002-இல் வந்தது. ஒரு பகுதியினருக்குக் கொடுத்த இலக்கு, எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிஷம் நடப்பது. வெற்று மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்கு நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. உனக்கு 7 சதவீதம் என்றால் ஐந்தரை கிலோ. கல்லூரிக் காலத்து உடம்பு வேண்டாம்டி, ஐந்தரை கிலோ போதும். டாக்டர் சர்க்கரை மாத்திரை ஏதாவது தொடங்கியிருந்தால் மட்டும், சாப்பாட்டைக் குறைக்கும் முன் அவரிடம் கேட்டுவிடு. சில மாத்திரைகளோடு சாப்பாடு குறைந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

இன்னொரு ஆராய்ச்சியையும் சொல்லிவிடுகிறேன், அது நமக்காகவே செய்ததுபோல இருக்கிறது. 1999-இல் வந்தது. நாலு மாத எடைக் குறைப்புப் பயிற்சிக்குச் சிலர் தனியாக வந்தார்கள், சிலர் தெரிந்தவர்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். தனியாக வந்து வழக்கமான பயிற்சி பெற்றவர்களில் கடைசிவரை நின்றவர்கள் 76 சதவீதம், குறைத்த எடையைப் பத்தாவது மாதத்தில் முழுதாகக் காப்பாற்றியவர்கள் 24 சதவீதம். கூட்டாளிகளோடு வந்து, ஒருவருக்கொருவர் துணைநிற்கவும் கற்றுக்கொண்டவர்களில் 95 சதவீதம் நின்றார்கள், 66 சதவீதம் எடையைக் காப்பாற்றினார்கள். கூப்பிட்டால் வர மூன்று பேர் இருப்பவர்கள் முதலிலேயே கொடுத்துவைத்தவர்கள்தானே, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். உனக்கு அங்கே அப்படி யாரும் இல்லை என்று எழுதியிருந்தாய். இங்கே நாலு பேர் இருக்கிறோம். அவர்களிடம் கேட்டுவிட்டேன். மூத்தவர் உன் அப்பா எப்படி இருக்கிறார் என்றுதான் முதலில் விசாரித்தார்.

ஞாயிறு காலை ஆறரை மணி. எடைக் கருவி இல்லாவிட்டால் பரவாயில்லை. எத்தனை நாள் நடந்தாய், எப்படித் தூங்கினாய், எது கஷ்டமாக இருந்தது, இவ்வளவு எழுதினால் போதும். நீ தயங்குவாய் என்று தெரியும், அதனால் முதலில் நானே போட்டுவிடுகிறேன்: இந்த வாரம் மூன்று நாள்தான் நடந்தேன், கணக்கு முடிப்பில் தூக்கம் சரியில்லை, 400 கிராம் ஏறியிருக்கிறது.

உன்னுடையதைச் சொல்.

என்றும் உன்,
பழைய அறைத்தோழி