சவரக்கத்திக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய வீட்டுப் பொருட்களைப் பாதுகாப்பது பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பித்தளைப் பாத்திரம், மரப்பெட்டி பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் தாத்தா காலத்துச் சவரக்கத்திக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, தோல் உறையில் போட்டு பீரோவில் வைத்தால் போதும் என்று எழுதியிருந்த இடத்தில் பதறிவிட்டேன். எங்கள் குடும்பம் தலைமுறைகளாக முடிதிருத்தும் தொழில் செய்தது. அப்பாவின் மடக்குக் கத்திகளை இன்றும் நான்தான் பராமரிக்கிறேன். கத்தி தீட்டும் தோல் வாரில் நாலு இழுப்பு இழுத்தால் இப்போதும் முகம் வழிக்கலாம்.

பழைய சவரக்கத்திகள் பெரும்பாலும் கார்பன் எஃகு. ஸ்டெயின்லெஸ் எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்திருக்கும். அது மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத படலமாக நின்று துருவைத் தடுக்கிறது. கார்பன் எஃகுக்கு அந்தக் காவல் இல்லை. போதாததற்கு, அலகின் இரண்டு பக்கமும் குழிவாகச் சாணை பிடித்திருப்பார்கள். விளிம்பு ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான கனத்தில் முடியும். மண்வெட்டியில் துருப்புள்ளி விழுந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. சவரக்கத்தியின் விளிம்பில் விழுந்தால் அந்த இடமே பொடிந்து போகும். அப்புறம் குழி மறையும் வரை கல்லில் தேய்த்து, நல்ல எஃகையும் சேர்த்து இழக்க வேண்டியதுதான்.

தேங்காய் எண்ணெய் நாளாக ஆகச் சிக்கடித்துவிடும். அப்போது அதிலிருந்து பிரியும் கொழுப்பு அமிலங்கள் இரும்பை அரிக்கும். நல்லெண்ணெய் பசையாக இறுகிப் பிசுபிசுக்கும். ஜப்பானில் கத்திகளுக்குக் கமேலியா விதை எண்ணெய் பூசுகிறார்களே, அதுவும் தாவர எண்ணெய்தானே என்று கேட்கலாம். அவர்கள் அதைத் துடைத்துத் துடைத்துப் புதிதாகப் பூசிக்கொண்டே இருப்பவர்கள். வருஷக்கணக்கில் பெட்டியில் கிடக்கப் போகும் கத்திக்குத் தையல் மெஷின் எண்ணெய்தான் சரி. அது கனிம எண்ணெய், சிக்கடிக்காது. இன்னும் நீண்ட காலத்துக்கு என்றால் வாசலினை மெல்லிய பூச்சாகத் தடவலாம்.

ஆனால் எண்ணெய்க்கு முன்னால் ஈரம் போக வேண்டும். ஈரத்தின் மேல் எண்ணெய் பூசினால் அந்த ஈரத்தை உள்ளே வைத்து மூடியதாகிவிடும். அலகைத் துணியால் துடைப்பதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். தண்ணீர் ஒளிந்திருக்கும் இடம் பிடியும் அலகும் சேரும் ஆணிப் பக்கம். கத்தியைத் திறந்தபடியே காற்றாட வைத்து, தோல் வாரில் சில இழுப்பு இழுத்து, பிறகு அந்த ஆணியின் இரண்டு பக்கமும் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். பிடியின் உட்புறத்தையும் துடைக்க வேண்டும். கடைசியாகத் துடைத்த பிறகு அலகில் விரல் படக்கூடாது. வியர்வை உப்பு பட்ட இடத்தில் கைரேகை அப்படியே துருவாக எழும். படிகாரக் கட்டியைக் கத்தியோடு ஒரே பெட்டியில் போடும் பழக்கமும் வேண்டாம். ஈரம் பட்டால் படிகாரம் அமிலத்தன்மை காட்டும்.

தோல் உறை இன்னொரு ஆபத்து. தோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பதனிடும்போது சேர்ந்த உப்பும் அமிலமும் அதில் மிச்சமிருக்கும். தோல் வாரில் கத்தி படுவது சில நொடிகள்தான். உறையில் கிடப்பதோ வருஷக்கணக்கில்.

காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்புக்குச் சோதனைதான். எங்கள் நாகப்பட்டினம் மாதிரிக் கடலோர ஊர்களில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதைவிட மிக அதிகமாகவே இருக்கும், காற்றில் உப்பு வேறு. அரைகுறையாகக் காய்ந்த துணிகளை அடுக்கும் பீரோவும், குளியலறை அலமாரியும் கத்திக்கு ஆகாத இடங்கள். மூடி இறுக்கமான பெட்டியில், ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் வகைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, நிறம் மாறினால் பொட்டலத்தை மாற்றுங்கள். கொம்புப் பிடி என்றால் அதற்கும் லேசாக எண்ணெய் தடவுங்கள். ஒரேயடியாக வறண்டால் கொம்பு வெடிக்கும்.

மூடிய பெட்டியில் வைக்கச் சொன்னதற்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. கட்டுரையில் இது இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம். யானைத் தந்தம் போலவோ ஆமை ஓடு போலவோ தோன்றும் பழைய பிடிகள் பல செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கில் செய்தவை. நைட்ரோ செல்லுலோஸோடு கற்பூரம் சேர்த்துச் செய்யும் பொருள் அது. வயதாகி அது சிதையத் தொடங்கும்போது வெளிவரும் வாயு, ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகிறது. பிடிக்குள் மடங்கியிருக்கும் பகுதி மட்டும் துருப்பிடித்திருந்தால் முதலில் பிடியைச் சந்தேகப்படுங்கள். பிடியில் நுண்ணிய வெடிப்பும் பிசுபிசுப்பும் தெரியும். அப்படிப்பட்ட கத்தியை மற்றவற்றோடு மூடிய பெட்டியில் வைத்தால் எண்ணெய் பூசிய நல்ல கத்திகளும் கெடும். அதைத் தனியே, காற்றோட்டமாக வையுங்கள். செல்லுலாய்டு சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் விளக்குப் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

ஏற்கெனவே துரு ஏறியிருந்தால் புளி, எலுமிச்சை, உப்புத்தாள் எதுவும் வேண்டாம். எண்ணெய் தோய்த்த மிக நைசான ஸ்டீல் உல் (எஃகு இழைப் பஞ்சு) கொண்டு மெதுவாகத் தேய்த்தால் மேல்துரு போகும். அலகுக்கும் ஆணிக்கும் இடைப்பட்ட பகுதியில், கத்தித் தயாரிப்புக்குப் பேர்போன ஊர்களான இங்கிலாந்தின் ஷெஃபீல்டு என்றோ ஜெர்மனியின் சோலிங்கன் என்றோ முத்திரை இருக்கும். ஜெர்மனியில் சோலிங்கன் என்ற பெயருக்கு 1938-லேயே சட்டப் பாதுகாப்பு கொடுத்துவிட்டார்கள். உப்புத்தாள் போட்டால் முதலில் அழிவது அந்த எழுத்துதான்.

எய்ட்ஸ் பற்றிய விழிப்புணர்வு வந்த பிறகு சலூன்களில் ஆளுக்கொரு புது பிளேடு என்ற வழக்கம் வந்தது. அது வர வேண்டிய மாற்றம். ஆனால் அதனால் அப்பா, தாத்தாக்களின் கத்திகள் மொத்தமாக டிரங்குப் பெட்டிக்குள் போயின. அந்தக் கத்திகள்தான் அவர்கள் எங்களைப் படிக்க வைத்த கருவி. உங்கள் கட்டுரையை நம்பி எத்தனை வீட்டில் இப்போது தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறார்களோ தெரியவில்லை. ஐப்பசி மழை தொடங்குவதற்குள் இந்தத் திருத்தத்தை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், நாகப்பட்டினம்