செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

நம் காமிக்ஸ் வாசகர் சங்கத்தின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், இன்று நேரில் வந்திருக்கும் 17 உறுப்பினர்களுக்கும் வணக்கம். அறிக்கையைத் தட்டச்சு செய்தபோது எத்தனை பேர் வருவீர்கள் என்று தெரியாததால் அந்த எண்ணுக்கு இடம் விட்டிருந்தேன். சற்று முன்புதான் பேனாவால் நிரப்பினேன். பதிவேட்டில் 41 பெயர்கள் இருக்கின்றன என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் கோபத்தில் சொன்னது போல ஆகிவிடும்.

2024 ஏப்ரலில் பொதுக்குழு கூடியது. மே விடுமுறையில் தெருப் பிள்ளைகளுக்குப் பழைய காமிக்ஸ் இரவல் கொடுத்தோம். பாதி திரும்பி வந்தது. ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். செப்டம்பரில் சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் பழைய புத்தகக் கடைகளுக்குக் குழுவாகப் போனோம். (4 பேரைக் குழு என்று எழுதலாமா என்று தலைவர் கேட்டார். எழுதியிருக்கிறேன்.) 1985இல் மூர் மார்க்கெட் எரிந்த கதையை மூத்த உறுப்பினர் வழக்கம்போலச் சொன்னார், வழக்கம்போல யாரும் குறுக்கே பேசவில்லை. ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போய்வந்தோம். பொங்கல் கேரம் போட்டியில் நம் அறைக்குக் கீழே இருக்கும் கேரம் மன்றத்திடம் தோற்றோம்.

இனி, அமெரிக்க காமிக்ஸ் நாயகி வொண்டர் வுமனின் பிறப்புக் கதைகளில் எது அசல் என்று அக்டோபர் முதல் டிசம்பர் வரை நடந்த விவாதத் தொடர். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். நான் தொடங்கியது என்பதற்காக நீட்டவில்லை. அதன் ஜெராக்ஸ் செலவைப் பற்றி வாட்ஸ்அப்பில் வந்த செய்திகளுக்கு எழுத்தில் ஒரு பதில் பதிவேட்டில் இருக்கட்டும் என்றுதான்.

சென்ற அக்டோபரில் வொண்டர் வுமன் கதை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. கெல்லி தாம்சன் எழுத்து, ஹேடன் ஷெர்மன் ஓவியம். இந்தத் தடவை டயானாவுக்கு (வொண்டர் வுமனின் சொந்தப் பெயர்) தீவும் இல்லை, தாய் மடியும் இல்லை. சூனியக்காரி சர்சி அவளை நரகத்தில் வைத்து வளர்க்கிறாள். உடனே நம் குழுவில் இரவு பன்னிரண்டு மணிக்குச் சண்டை ஆரம்பித்தது. ஆளுக்கொரு பிறப்புக் கதையைச் சொல்லி, அதுதான் அசல் என்றார்கள். ஒரே இரவில் 200க்கும் மேல் செய்திகள். இவ்வளவு பேச்சு இருக்கிறதே, தண்டையார்பேட்டை அறையில் நாற்காலி போட்டுப் பேசலாமே என்று நினைத்தேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

நம்மில் பலர் தமிழ் காமிக்ஸில் வளர்ந்தவர்கள், ஆங்கில இதழ்களைக் கையில் பிடித்ததில்லை. அதனால் ஆறு பிறப்புக் கதைகளையும் தமிழில் சுருக்கி 24 பக்கத்தில் ஒரு கையேடு எழுதினேன். மூன்று வாரம், அலுவலகம் முடிந்து வந்து. 50 பிரதி எடுத்தோம்.

அதில் இருப்பதை இங்கே முழுதும் சொல்லப் போவதில்லை, பிரதிகள் இன்னும் கிடைக்கின்றன. சுருக்கம் இது. வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் என்ற உளவியலாளரும் ஹெச்.ஜி. பீட்டர் என்ற ஓவியரும் 1941இல் இவளைப் படைத்தார்கள். ஆள் பொய் சொல்கிறானா என்பதை ரத்த அழுத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் சோதனைக்காகவும் மார்ஸ்டன் பேர் பெற்றவர். அவர் படைத்த நாயகியின் இடுப்பில் கட்டுப்பட்டவரைப் பணிய வைக்கும் ஒரு கயிறு. பின்னால் வந்தவர்கள் அதை உண்மை பேச வைக்கும் கயிறாகவே ஆக்கிவிட்டார்கள். (அப்படி ஒன்று சந்தா வசூலுக்குக் கிடைக்குமா என்று பொருளாளர் கேட்டார். பாரிமுனையில் எல்லாக் கயிறும் கிடைக்கும், அது மட்டும் கிடைக்காது என்றேன்.) 1942இல் வந்த கதையில், அமேசான்கள் என்ற போர்வீரப் பெண்களின் பிள்ளையில்லாத அரசி ஹிப்போலிட்டா களிமண்ணில் ஒரு குழந்தையைப் பிடித்து வைக்கிறாள், தேவி அஃப்ரொடைட்டி உயிர் கொடுக்கிறாள். தகப்பன் என்று ஒருவன் கதையிலேயே இல்லை. 1959இல் அதை மாற்றி எழுதினார்கள்: அமேசான் பெண்களின் ஆண்கள் போரில் மாண்டுபோகிறார்கள், தொட்டில் குழந்தைக்குத் தெய்வங்கள் வரிசையாக வந்து வரம் தருகின்றன. 1968இல் சக்தியையே பறித்து, வெள்ளை உடுப்பு போட்டுத் துணிக்கடை வைக்கச் சொன்னார்கள். 1972இல் மிஸ் என்ற பெண்கள் பத்திரிகை அவளைப் பழைய கோலத்தில் அட்டையில் போட்டது. அடுத்த ஆண்டு சக்தி திரும்பியது. 1987இல் ஜார்ஜ் பெரெஸ் மீண்டும் களிமண்ணை எடுத்தார். 2011இல் பிரையன் அஸரெல்லோவும் கிளிஃப் சியாங்கும், களிமண் கதையே தாய் சொன்ன பொய், டயானா உண்மையில் கிரேக்கக் கடவுள்களின் அரசன் ஜீயஸின் மகள் என்றார்கள். 2017 படமும் ஜீயஸ் பக்கம்தான் போனது.

முதல் அமர்வுக்கு 14 பேர் வந்தார்கள். மூத்த உறுப்பினர் எடுத்த எடுப்பிலேயே, நமக்கு நாயகி என்றால் பிரிட்டிஷ் காமிக்ஸின் மாடஸ்டிதான், 1984இல் லயன் காமிக்ஸ் முதல் இதழே அவள்தான், சக்தியும் வேண்டாம் சாமியும் வேண்டாம் என்றார். அவர் சொன்னதில் ஒரு விஷயம் எனக்குப் புதிது. மாடஸ்டியைப் படைத்த பீட்டர் ஓ'டானல் போர்க்காலத்தில் பாரசீகத்தில் சிப்பாயாக இருந்தபோது தனியாக நடந்துவந்த ஓர் அகதிச் சிறுமியைப் பார்த்தாராம், அவளே பின்னாளில் மாடஸ்டி ஆனாளாம். பேச்சு அரைமணி நேரம் அந்தப் பக்கம் போய்விட்டது. தலைப்புக்கு வெளியே என்று நான் தடுத்தது உண்மை. தடுத்திருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டாம் அமர்வு நவம்பர் கடைசியில் நடக்க வேண்டியது, ஃபெஞ்சல் புயல் மழையில் போயிற்று. டிசம்பரில் அறை கிடைக்காமல் கொருக்குப்பேட்டை உறுப்பினர் வீட்டு மொட்டை மாடியில் கூடினோம். 19 பேர். ரயில்வே கேட் மூடியிருந்ததால் வர முடியவில்லை என்று 6 பேர் தகவல் அனுப்பினார்கள். அதில் இருவர் வீடு கேட்டுக்கு இந்தப் பக்கமே இருக்கிறது. சரி, அது போகட்டும்.

இந்த வருடத்தின் நல்ல கூட்டம் அதுதான். இதைச் சொல்ல நான் கூச்சப்படவில்லை. பொறியியல் படிக்கும் இளைய உறுப்பினர் ஜீயஸ் கட்சிக்காக எழுந்தார். மண்ணில் செய்த பெண்ணுக்கு என்ன சிக்கல் இருக்க முடியும், அவள் பிறக்கும்போதே முழுமையாகிவிட்டாளே என்றார். 2011 கதையில் மற்ற அமேசான்கள் அவளைக் களிமண் என்றே கேலி பேசுகிறார்கள். ஜீயஸின் மனைவி ஹீராவின் பொறாமையிலிருந்து காப்பாற்றத்தான் தாய் பொய் சொன்னாள் என்று வளர்ந்த பிறகு தெரிகிறது. உண்மைக் கயிறு வைத்திருப்பவளின் வீட்டிலேயே இவ்வளவு பெரிய பொய், கதை அங்கேதானே இருக்கிறது என்று கேட்டார். நான் எதிர்க்கட்சி. ஆனாலும் நன்றாகப் பேசினார் என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.

அந்த வீட்டு அம்மா மாடியில் காயவைத்த கருவாட்டை எடுக்க வந்தவர், முறத்தோடு நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். என்ன தகராறு என்று மகனிடம் விசாரித்துவிட்டு, "இதுல இன்னா தம்பிங்களா சண்டை? பார்வதி தனியா மஞ்சளைப் பிடிச்சு வச்ச புள்ள நல்லாத்தான் காவல் நின்னுச்சு. அப்பன் வந்தாரு, தல போச்சு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் இளைய உறுப்பினர், அதே அப்பாதானே யானைத் தலை வைத்து முதல் பூஜையும் கொடுத்தார் என்றார். அதற்குப் பதில் சொல்ல அந்த அம்மா மேலே வரவில்லை.

வியாசர்பாடியிலிருந்து வரும் செவிலியர் உறுப்பினர் அதுவரை வாயே திறக்கவில்லை. கையேட்டின் 15ஆம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். எல்லோரும் தகப்பன் யார் என்றே கேட்கிறீர்கள், அரசி ஏன் மண்ணைப் பிசைந்தாள் என்று யாரும் கேட்கவில்லை என்றார். பெரெஸ் கதையில் அமேசான்கள் எல்லோரும் ஆண்கள் கையால் செத்த பெண்களின் உயிர்கள், மறுபடி உடல் பெற்றவர்கள். அரசி முற்பிறவியில் கொல்லப்பட்டபோது வயிற்றில் பிள்ளை இருந்தது. பிறக்காமல் போன அந்த உயிர்தான் களிமண்ணுக்குள் வருகிறது. 1942 கதையில் அவளுக்கு ஆசை மட்டும் இருந்தது, 1987இல் இழப்பு வந்துவிட்டது, பிரசவ வார்டில் வேலை பார்க்கிறவளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று உட்கார்ந்தார். அந்தப் பக்கத்தை எழுதியவன் நான். அவர் சொல்லும்வரை நான் அதை அப்படிப் படிக்கவில்லை.

கடைசியில் கைதூக்கிப் பார்த்தோம். களிமண்ணுக்கு 10, ஜீயஸுக்கு 7, மாடஸ்டிக்கு 1. இன்னொருவர் டீ வந்துவிட்டதா என்று பார்க்கக் கீழே போயிருந்தார்.

சிக்கல் அன்றிரவே ஆரம்பித்தது. கூட்டத்துக்கு வராத ஒருவர், சங்க விதிப்படி சந்தா கட்டியவருக்கு மட்டுமே வாக்கு என்று வாட்ஸ்அப்பில் எழுதினார். அவரே மூன்று வருடப் பாக்கி என்பது வேறு விஷயம், விதி விதிதான். பொருளாளரும் நானும் ரசீதுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். ஜீயஸுக்குக் கை தூக்கிய 7 பேரில் 5 பேர் கட்டியிருந்தார்கள். களிமண் கட்சியின் 10 பேரில் 3 பேர். அந்த மூவரில் நான் இல்லை. நான் மார்ச் 28 அன்றுதான் கட்டினேன். ஆகவே நம் சங்கத்தின் அதிகாரபூர்வ முடிவு டயானா ஜீயஸின் மகள் என்பதே. எனக்கு உடன்பாடில்லாத இதைச் செயலாளர் என்ற முறையில் பதிவு செய்கிறேன்.

"களிமண்ணுக்கு எதுக்குப்பா காசு?" என்ற செய்திக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சங்கப் பணத்தில் 50 பிரதிக்கு ஆன ஜெராக்ஸ் செலவு ஒரு மாத அறை வாடகையை விடக் குறைவு. ஸ்டேப்ளர் என்னுடையது. அட்டைப் படம் வரைந்த உறுப்பினர் காசு வாங்கவில்லை. வாடகை கட்டிய மற்ற மாதங்களில் அந்த அறைக்கு எத்தனை பேர் வந்தீர்கள் என்பது பதிவேட்டில் இருக்கிறது. பிப்ரவரிக் கூட்டத்தில் நானும் தலைவரும் மின்விசிறியும் இருந்தோம்.

பெரெஸ் தொகுப்பு நூலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நன்கொடையாக வந்த அந்தப் புத்தகம் டிசம்பரில் இரவல் போனது, இன்னும் வரவில்லை. வைத்திருப்பவர் சந்தாவை ஏப்ரலிலேயே கட்டியவர் என்பதால் என்னால் குரலை உயர்த்திக் கேட்க முடியவில்லை. படித்து முடித்திருந்தால் கேரம் மன்றத்தில் கொடுத்துவிட்டால் போதும், பெயர் கேட்க மாட்டார்கள்.

வரவு செலவு: சந்தா, நன்கொடை, பழைய இதழ் விற்பனை ஆகியவற்றால் பணம் வந்தது, வாடகை, டீ, ஜெராக்ஸ், கொடியேற்று மிட்டாய் ஆகியவற்றால் போனது. இருப்பு நான்கு இலக்கத்தில் இருக்கிறது, முதல் இலக்கம் பெரிதில்லை. விவரம் பொருளாளரிடம் உள்ளது. இரண்டு வவுச்சர்கள் மழையில் நனைந்ததால் தொகைகளை நினைவிலிருந்து எழுதியிருக்கிறோம். தணிக்கை செய்த உறுப்பினர் பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார்.

அறை கொடுத்த உரிமையாளருக்கும், நாற்காலி இரவல் தந்த கேரம் மன்றத்தாருக்கும், மாடி தந்த கொருக்குப்பேட்டை வீட்டாருக்கும், அன்று டீயோடு வந்த மசால் வடைக்கும், தலைவர், பொருளாளர் இருவருக்கும் நன்றி. மூத்த உறுப்பினருக்குத் தனியாக நன்றி. 19 பேரில் தனி ஆளாக ஒரு கை தூக்குவதற்குத் தைரியம் வேண்டும்.

வரும் ஆண்டைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். வாடகை கூடுகிறது. இப்படியே போனால் தீபாவளிக்குப் பிறகு நமக்கு அறை இருக்காது, வாட்ஸ்அப் மட்டும்தான் இருக்கும். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்க முன்வந்தால் சாவியை இன்றே கொடுக்கத் தயார். (சென்ற ஆண்டும் இதைச் சொன்னேன். அன்று எல்லோரும் செல்போனைப் பார்த்தீர்கள்.) ஜூன் இரண்டாம் ஞாயிறு மாலை 5 மணிக்கு இதே அறையில் டயானாவின் பிறப்பு பற்றி மறுவாக்கெடுப்பு வைக்கச் செயற்குழு ஒப்புக்கொண்டுள்ளது. ஆண்டுச் சந்தா 300 ரூபாய்தான். பழைய பாக்கியை இரண்டு தவணையில் கட்டலாம், முதல் தவணை கட்டினாலே வாக்கு உண்டு. ஜீயஸ் கட்சி உறுப்பினர்கள் இந்த ஆண்டுக்கும் கட்டிவிட்டார்கள். களிமண் கட்சியில் இன்று காலைவரை கட்டியவர்கள் நானும் செவிலியர் உறுப்பினரும் மட்டுமே. பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். கையேடு 22 பிரதிகள் என் கட்டிலுக்கு அடியில் உள்ளன, வேண்டியவர்கள் சொல்லுங்கள், கொண்டுவருகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்