செவலையின் வாயைப் பார்

கண்ணு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய வீடியோவை நாலைந்து தடவை பார்த்துவிட்டேன். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் உனக்குப் பிடித்துக் கொடுத்த செவலைக் குதிரையா இது என்று மனசு கேட்கவில்லை. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. ஊட்டிக் குளிரில் இளைக்கிறது, டானிக் வாங்கட்டுமா, சத்துப் பவுடர் வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். போனில் பேசினால் பாதியை விட்டுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

டப்பா வாங்கும் முன் அதன் வாயைப் பார். வீடியோவின் கடைசியில் தொட்டி ஓரமாக எலுமிச்சை அளவில் உருண்டை உருண்டையாகக் கிடந்ததே, அதில் ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார். பாதி மென்ற புல்லை எச்சிலோடு திரட்டித் துப்பியிருக்கும். குதிரைக்கு மேல்தாடை அகலம், கீழ்த்தாடை ஒடுக்கம். மென்று மென்று மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லின் வெளி ஓரமும் கீழ்வரிசையின் உள் ஓரமும் கத்தி மாதிரி கூராகிவிடும். கன்னமும் நாக்கும் அறுபட்டால் அது எப்படி மெல்லும்? மழைக்காலம் முழுக்க இளம்புல் கிடைத்ததால் சமாளித்துவிட்டது. மார்கழி உறைபனியில் புல் கருகி, முரட்டுக் காய்ந்த புல்லுக்கு வந்ததும் மாட்டிக்கொண்டது. நீ வாய்க்குள் கை விடாதே. கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு அரத்தால் தேய்க்கச் சொல். அவர் வரும்போதே சாணத்தைக் கொடுத்துப் புழு இருக்கிறதா என்றும் பார்த்துவிடு.

அப்புறம்தான் தீவனம். செவலை 350 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொள். ஒரு நாளைக்குக் குறைந்தது 7 கிலோ காய்ந்த புல் உள்ளே போக வேண்டும், ராத்திரிக்குக் கூடுதலாகவே போடு. புல் பெருங்குடலில் கிடந்து புளிக்கும்போது வரும் சூடுதான் குதிரைக்கு அடுப்பு. தானியம் அந்த அளவுக்குச் சூடு தராது. புல்லில் 2 கிலோவைக் குறைத்து அந்த இடத்தில் காய்ந்த குதிரைமசால் தழை போடு. நீ தவிடுதான் நிறையப் போடுகிறாய் என்று தெரியும். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து ரொம்பக் குறைவு. அதையே நம்பினால் எலும்பு தேய்ந்து தாடை வீங்கும். மசாலில் அந்தச் சுண்ணாம்பு இருக்கிறது.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். அதில் முதல் பாதி குதிரைக்கும் பொருந்தும். எண்ணெயில் தானியத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் பலம் இருக்கிறது, குதிரையைத் துள்ளவும் வைக்காது. நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ நாளைக்கு 30 மில்லியில் ஆரம்பித்து, மூன்று வாரத்தில் 150 மில்லிக்குக் கொண்டுபோ. இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடு. கூடவே 30 கிராம் கல்லுப்பும், குதிரைக்கென்று விற்கும் தாது உப்புக் கலவையும் போதும். கோழித் தீவனம் மட்டும் லாயத்துப் பக்கமே வரக்கூடாது. அதில் சேர்க்கும் மொனென்சின் கோழிக்கு மருந்து, குதிரைக்கு விஷம்.

எதையும் ஒரே நாளில் கூட்டாதே கண்ணு. நீ பிறப்பதற்கு முன்னால் என்னிடம் ஒரு கருப்புப் பெட்டை இருந்தது. அதுவும் இப்படித்தான் இளைத்தது. சீக்கிரம் தேறட்டும் என்று ஒரே நாளில் வேகவைத்த கொள்ளை இரண்டு மடங்காக்கினேன். அன்று ராத்திரி வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, படுத்துப் புரண்டது. விடியும்வரை நானும் உங்கம்மாவும் நடத்திக்கொண்டே இருந்தோம். சூரியன் வந்தபோது அது இல்லை. கழுத்தில் கை வைத்தபோது வேர்வை ஈரம் அப்படியே இருந்தது. இன்றைக்கும் கொள்ளுப் பானையைத் திறந்தால் எனக்கு அந்த ஞாபகம்தான்.

செவலை கீழ்நாட்டில் வளர்ந்த குதிரை, இன்னும் அடர்த்தியாக மயிர் வைக்கவில்லை. அப்படிப்பட்டதற்கு 5 டிகிரிக்குக் கீழே போனாலே தின்றதில் கூடுதல் பங்கு சூட்டுக்கே செலவாகும். நம் பவானி ஜமுக்காளத்தைப் போர்த்தியிருக்கிறாய், அது பருத்தி. பனியில் நனைந்தால் இருக்கிற சூட்டையும் இழுத்துவிடும். உங்கம்மா கம்பளி எடுத்து வைத்திருக்கிறாள். குடிக்க வெதுவெதுப்பான தண்ணீர் வை. சில்லென்று இருந்தால் குறைவாகக் குடிக்கும், வயிறு கட்டிக்கொள்ளும். தேறும்வரை ஏரிப் பக்கம் சவாரிக்கு விடாதே. அந்த வருமானத்துக்கு நான் பணம் அனுப்புகிறேன்.

மயிர் வளர வளர மெலிவை மறைத்துவிடும், கண்ணால் பார்த்து முடிவு செய்யாதே. விலாவில் கையை வைத்துத் தடவு. ஞாயிறுதோறும் தையல் டேப்பால் முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவும், தோள்முனையிலிருந்து பிட்டம்வரை நீளமும் எடு, சென்டிமீட்டரில். சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை வரும். கணக்கை நானே போட்டுக்கொள்கிறேன், நீ அளவை மட்டும் அனுப்பு.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் காய்ந்த மசால் இரண்டு மூட்டையும் கம்பளியும் ஏற்றிவிடுகிறேன். ஸ்டாண்டில் ஆள் நிற்கட்டும்.

அப்பா